ஏழு வேலை நாளில் சிங்கப்பூர் நெட்

காசிமேட்டில் மீன் வாங்க வருகிறவர்கள் முதலில் செய்யும் காரியம், செவுளைத் தூக்கிப் பார்ப்பது. உள்ளே சிவப்பாக இருந்தால் பேரம் நடக்கும், வெளுத்திருந்தால் ஆள் நடந்துவிடுவார். இருபத்தாறு வருஷமாக அங்கே பலகை போட்டு வஞ்சிரமும் சங்கராவும் விற்கிற கோவிந்தம்மா, செவுளைக் காட்ட மாட்டேன் என்று எவரிடமும் சொன்னதில்லை. அதனால்தான், ராயபுரம் கல்மண்டபம் பக்கம் திசைடெல் கம்பெனி திறந்திருந்த ‘உலக உலா அனுபவ மைய’த்துக்குள் அவள் முதல் தடவை நுழைந்தபோது, விற்கிற பொருளைக் காட்டச் சொல்வது அங்கே மரியாதைக் குறைவு என்பது அவளுக்குத் தெரியவில்லை.

அவள் போனது ஒரு சனிக்கிழமை. சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் வேலை செய்த அவள் மகன் வெற்றியின் கால்மேல் இரும்புத் தகடு விழுந்து எலும்பு நொறுங்கியிருந்தது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆபரேஷன். அவன் முதலாளி டிக்கெட் அனுப்பிவிட்டார். வியாழன் காலையில் போய் இறங்குகிற விமானம். ஆனால் ஏர்போர்ட்டுக்கு வந்து அழைத்துப்போக ஆளில்லை, கூட இருந்த பையன்களுக்கெல்லாம் ஷிப்ட். “நீ எறங்கனதும் வீடியோ கால் போட்டு போனைத் தூக்கிப் புடிம்மா. நான் படுத்துகினே வழி சொல்றேன். உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்” என்று சொல்லியிருந்தான்.

கோவிந்தம்மாவின் புருஷனுக்கு ஆபரேஷன் நடந்த அன்று அவள் ஏலத்தில் நின்றிருந்தாள். கூடையைப் பக்கத்துப் பலகைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து துணி மூடியிருந்தார்கள். இந்த முறை பதினோரு மணிக்கு முன்னால் போய் நின்றே ஆக வேண்டும் என்பது மட்டும்தான் அவளுக்கு வேண்டியது. அதற்கு சிங்கப்பூர் மண்ணில் நெட் வேண்டும்.

தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஜெயஸ்ரீ, அவளுக்காக இரண்டு நாள் போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். இப்போதெல்லாம் சிம் என்று கையில் எதுவும் தர மாட்டார்களாம், ஈசிம் என்று ஒரு சதுரப் படம் வருமாம், அதை போனில் ஸ்கேன் செய்தால் சிம் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளுமாம். வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஈசிம், திசைடெல் சொல்கிற விலையில் பாதிக்கும் கீழே கிடைத்தது. ஆனால் கோவிந்தம்மாவின் பேங்க் கார்டு கடல் தாண்டிப் பணம் கட்டாது என்றது.

“ஏர்போர்ட்டுல சொம்மாவே நெட் கீதாம்க்கா. வெளிய கால் வெச்சா போயிடுமாம்” என்றாள் ஜெயஸ்ரீ. “அங்கியே சிம் வாங்கலாம். ஆனா இங்கிலீஷ்ல கேட்டா நீ இன்னா பண்ணுவ?”

“கடையாண்டயே போயி கேப்போம். கம்பெனிக்காரன் பொய் சொல்லுவானா?” என்றாள் கோவிந்தம்மா. ஊரில் இன்னும் இப்படிப்பட்ட வெள்ளை மனசுக்காரர்கள் இருப்பதால்தான் கம்பெனிகள் நடக்கின்றன.

அனுபவ மையத்தில் டோக்கன் வாங்குவதற்கு ஒரு டோக்கன் இருந்தது. அந்த இரண்டையும் தாண்டி அவர்கள் போய் உட்கார்ந்தது ஜெனிஷ் என்பவர் முன்னால். சட்டையில் ‘உறவு மேலாளர்’ என்று எழுதியிருந்தது. இவர்களைக் கண்டதும் எழுந்து நின்று மேஜையில் இருந்த மணியை அடித்தார். மற்ற ஊழியர்கள் கை தட்டினார்கள்.

“இன்னாத்துக்கு மணி?” என்றாள் கோவிந்தம்மா.

“எங்களுக்கு ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு கொண்டாட்டம்மா.”

சிங்கப்பூருக்கு மூன்று திட்டங்கள் இருந்தன. சிட்டுக்குருவி, கழுகு, கருடன். சிட்டுக்குருவியில் எழுத்து மட்டும் போகும், படம் போகாது. கழுகில் படம் போகும், குரல் போகாது. கருடனில் எல்லாம் போகும், அளவே கிடையாது. ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மட்டும் எறும்பு மாதிரி ஒரு நட்சத்திரம் இருந்தது. அறுபது வயசுக் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்ததோ, கோவிந்தம்மா அதன்மேல் விரலை வைத்தாள்.

“இது இன்னா நைனா?”

“அது நிபந்தனைம்மா. அளவு வரைக்கும் அளவில்லாததுன்னு அர்த்தம். ஒரு நாளைக்கு அரை ஜிபி வரைக்கும் அன்லிமிடெட். அதுக்கப்புறமும் அன்லிமிடெட்தான், ஆனா வராது.”

“என் புள்ளையாண்ட வீடியோவுல எத்தினி நிமிஷம் பேசலாம்? அத்த மட்டும் சொல்லு.”

“நாங்க நிமிஷத்தை விக்கிறதில்லம்மா. அனுபவத்தை விக்கிறோம்.”

“செவுளைத் தூக்கிக் காட்டுன்னா மீனோட போட்டாவக் காட்டிகினுகீற” என்றாள் கோவிந்தம்மா. ஜெனிஷ் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மணியை அடித்தார். மலிவான வெளிநாட்டு ஈசிம் பற்றி ஜெயஸ்ரீ கேட்டபோது மட்டும் அவர் முகம் இருண்டது. அப்படி வாங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர் விமான நிலையத்திலேயே நின்றிருக்கிறார்கள் என்றார். எத்தனை பேர் என்று கேட்டதற்கு, எண்ணிக்கை சொல்வது கம்பெனிக் கொள்கைக்கு விரோதம் என்றார்.

கடைசியில் கருடன் வாங்கினார்கள். தங்க நிற அட்டையில் சதுரப் படம் அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒரே ஒரு தடவைதான் ஸ்கேன் செய்ய முடியும், ஊழியர்கள் வாடிக்கையாளரின் போனைத் தொடக் கூடாது, அது தற்சார்பைக் குலைக்கும் என்று ஜெனிஷ் விளக்கினார். ஈசிம்முக்கு ஏற்ற போனை வெற்றி ஊருக்கு வருகிற நண்பனிடம் கொடுத்தனுப்பியிருந்தான், அது திங்கட்கிழமைதான் கைக்கு வரும். அதுவரை அட்டை நனையாமல் இருக்க ஜெயஸ்ரீ அதை லேமினேட் செய்து, மூலையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டிக் கொடுத்தாள். அவள் கடையில் ஆதார், ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை எதுவுமே லேமினேட் ஆகாமல் வெளியே போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தம்மா அதை மார்க்கெட்டுக்கே கொண்டுபோனாள். வீட்டில் வைத்தால் எலி, இடுப்பில் செருகினால் ஐஸ் தண்ணீர். அவள் பலகைக்குமேல் நிழலுக்கு நட்டிருந்த குடைக்கம்பியில்தான் வாடிக்கைக்காரர்கள் பணம் அனுப்புகிற ஸ்கேன் அட்டை தொங்கும். உசத்தியான எல்லாவற்றையும் அவள் அங்கேதான் மாட்டுவாள், கண்முன்னால் இருக்குமே என்று. இதையும் மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைக் காசிமேட்டுக் கூட்டத்தில் பத்து மணி சுமாருக்கு, கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் கால்சட்டையுமாக ஒருவர் வந்தார். செவுளைக்கூடப் பார்க்காமல் இரண்டு கிலோ வஞ்சிரம் கேட்டபோதே கோவிந்தம்மா அவரைக் கவனித்து வைத்தாள். அப்படி ஒரு ஆளை அவள் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. கை முழுக்க ரத்தமும் செதிலுமாக, “அங்க தொங்குது பாரு நைனா, ஸ்கேன் பண்ணிக்க” என்று முகவாயால் காட்டினாள்.

அவர் பளபளக்கிற தங்க அட்டையைப் பார்த்து போனை நீட்டினார். என்னவோ கேட்டது, ‘தொடர்க’ என்று அமுக்கினார். மறுபடி கேட்டது, மறுபடி அமுக்கினார். மூன்றாவது தடவை பச்சை டிக் வந்தது. “போயிடுச்சும்மா” என்று டிக்கைக் காட்டிவிட்டு வஞ்சிரத்தோடு போய்விட்டார். காசு வந்தால் கத்துகிற பெட்டி கத்தவில்லை. நெட் மெதுவாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை போன் வந்தது. ஜெயஸ்ரீ அட்டையை ஸ்கேன் செய்தாள். இந்தக் குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது என்று திரை சொன்னது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கோவிந்தம்மாவுக்கு வஞ்சிரம் ஞாபகம் வந்தது.

“அடப் பாவி, என் சிங்கப்பூரு நெட்டை மீனோட இஸ்துகினு பூட்டானே!” என்று தலையில் கை வைத்தாள். புருஷன்மேல் மூடியிருந்த துணி கண்முன்னால் வந்தது.

மையத்தில் ஜெனிஷ் கம்ப்யூட்டரைப் பார்த்து மலர்ந்தார். “உங்க கருடன் வெற்றிகரமா பறக்க ஆரம்பிச்சிருச்சும்மா. சிஸ்டத்துல, ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சியாக உள்ளார்’னு பதிவாயிருக்கு.” மணியை அடித்தார்.

“நான் மகிழ்ச்சியா இல்ல. அது வேற ஆளு போன்ல கீது.”

“அப்படின்னா அவர் மகிழ்ச்சியா இருக்கார். எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாம்மா.”

அழுதும் சண்டை போட்டும் பார்த்தபிறகு, ஒரு வழி இருப்பதாக ஒப்புக்கொண்டார். திட்டத்தை வேறு போனுக்கு மாற்றக் கோரிக்கை வைக்கலாம். அதற்கு அவள்தான் கோவிந்தம்மா என்பதை முதலில் இயந்திரம் நம்ப வேண்டும். வெள்ளைச் சுவர்முன் நிறுத்தினார்கள். திரையில் ஒரு குரல், இடது பக்கம் திரும்பச் சொன்னது, கண்ணைச் சிமிட்டச் சொன்னது, பல் தெரியாமல் புன்னகைக்கச் சொன்னது. இருபத்தாறு வருஷம் ஏலத்தில் கத்திய முகத்துக்குப் பல் தெரியாமல் சிரிக்க வரவில்லை. பிறகு மூக்குத்தியின் மினுமினுப்பு பிடிக்காமல், ‘மனித முகம் தென்படவில்லை’ என்று குரல் அறிவித்தது. கழற்ற வராத மூக்குத்தி அது. மாவு அப்பி மறைத்து ஒன்பதாவது தடவை முயன்றபோது, மனித முகம்தான், ஆனால் கோவிந்தம்மா அல்ல என்றது. பத்தாவது தடவை அதற்கே சலித்துப்போய் ஏற்றுக்கொண்டது.

“உங்க கோரிக்கை பதிவாயிடுச்சும்மா. ஏழு வேலை நாள் ஆகும்” என்றார் ஜெனிஷ்.

“வியாழக்கெழமை என் புள்ளைக்கு ஆபரேசன்யா!”

“வாழ்த்துகள்மா” என்றார் அவர், அச்சடித்து வைத்த பதிலில் அடுத்த வரியாக அதுதான் இருந்ததால்.

வெளியே வரும்போது ஜெனிஷ் பின்னாலேயே ஓடி வந்தார். மறுநாள் மைய வாசலில் ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சித் திருவிழா’ நடக்கிறது, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மகிழ்ச்சிக்குப் பொறுப்பான மண்டலத் தலைவர் பேசுகிறார், நாற்காலிகள் காலியாக இருக்கின்றன, தெரிந்த நாலு பேரை அழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் அவளுடைய கோரிக்கையின்மேல் ‘அவசரம்’ என்று முத்திரை குத்தித் தருவதாகச் சொன்னார். அவசரம் என்றால் எத்தனை நாள் என்று ஜெயஸ்ரீ கேட்டாள். அதே ஏழு நாள்தான், ஆனால் சிவப்பு மையில் என்றார்.

செவ்வாய்க்கிழமை கோவிந்தம்மா ஜெயஸ்ரீயோடும் பக்கத்துப் பலகைக்காரிகள் நாலு பேரோடும் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மேடைக்கு முன்னால் முக்காலியில் ஒரு போன் நிகழ்ச்சியை நேரலையில் ஒளிபரப்பிக்கொண்டிருந்தது. மாலை போட்டு அழைத்து வரப்பட்ட மண்டல மகிழ்ச்சித் தலைவர் லியோனார்ட் மைக்கைப் பிடித்தார்.

“நண்பர்களே, சென்ற மழையில் சடையங்குப்பத்தில் வெள்ளம் புகுந்து நமது டவர் மூன்று நாள் தண்ணீரில் நின்றது. அந்த மூன்று நாளில் அந்தப் பகுதியிலிருந்து நமக்கு ஒரு புகார் அழைப்புகூட வரவில்லை. வாடிக்கையாளர் திருப்திக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?”

ஊழியர்கள் கை தட்டினார்கள்.

“நம் அதிகாரிகள் யாருடைய போனிலும் பிளாஸ்டிக் சிம் கிடையாது. எல்லாம் ஈசிம். என் எண்ணே இந்த போனுக்குள் ஈசிம்மாகத்தான் வாழ்கிறது. இது தொலைந்தால்கூட ஐந்தே நிமிடத்தில் வேறு போனுக்கு மாற்றிக்கொள்வேன். நமது அமைப்பு உலகத் தரம். வாடிக்கையாளர் கேட்டால் என் கையில் இருப்பதைக்கூடக் கொடுத்துவிடுவேன். தயங்காமல் கேளுங்கள்!” என்று போனை உயர்த்திக் காட்டி, வெயில் கண்ணில் பட்டதால் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

கோவிந்தம்மா எழுந்துவிட்டாள். “அடியே ஜெயசிரி, நம்ம வஞ்சிரம்டி!”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் மேடைக்கு ஏறி, ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மைக்கிலேயே சொன்னாள். ஜெயஸ்ரீ அவர் போனை வாங்கிப் பார்த்தாள். அதில் இரண்டாவது சிம்மாக, ‘கருடன் சிங்கப்பூர், உரிமையாளர் கோவிந்தம்மா’ என்று இருந்தது. வெளிநாட்டுப் பயண ஈசிம் விற்பனையில் மூன்று வருஷம் தொடர்ந்து விருது வாங்கிய லியோனார்ட், அந்த ஈசிம் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தார்.

“இது ஏதோ பேமென்ட்டுன்னு நினைச்சேன்மா” என்றார். “எடுத்துத் தரச் சொல்றேன். ஏழு வேலை நாள்…”

“அது வோணாம் நைனா. எங்க மார்க்கெட்டுல ஒரு வழக்கம் கீது. ஏலத்துல ஒருத்தி மீனு தப்பிப்போயி இன்னொருத்தி கூடையில வுழுந்துட்டா, அங்க குந்திகினு பொறுக்கிகினு இருக்க மாட்டோம். மீனு கெட்டுப் பூடும். மீனுக்காரி கூடையோட தூக்கினு போயிடுவா. அவ மீனை எடுத்துகினு, அப்பால கூடையத் திருப்பித் தருவா. கூடைக்காரி ஒண்ணியும் சொல்லக் கூடாது. என் சிம்மு உன் கூடையில கீது. கூடையக் குடு.”

முதல் வரிசையில் நாலு பலகைக்காரிகளும், “அதான் நாயம்! கூடையக் குடு!” என்றார்கள். அவர்கள் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை.

லியோனார்ட் ஜெனிஷைப் பார்த்தார். ஜெனிஷ் காதருகே குனிந்து, “நாலாயிரம் பேர் லைவ்ல இருக்காங்க சார். ஹார்ட்டா வருது” என்றார். மண்டல மகிழ்ச்சித் தலைவர் ஒரு கணம் யோசித்தார். ஐந்தே நிமிடம்தானே. உலகத் தரம். சிரித்துக்கொண்டே பூட்டை எடுத்துவிட்டு, பேங்க் சமாச்சாரங்களை அழித்து, இரண்டு கையாலும் போனைக் கோவிந்தம்மாவிடம் கொடுத்தார். படம் எடுத்தார்கள். மணி அடித்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஜெனிஷ் கீழே இறங்கி வருவதற்குள், ஆறு பெண்களும் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டிருந்தார்கள்.

வியாழன் காலை சிங்கப்பூர் விமான நிலையத்தில் இறங்கியதும், ஜெயஸ்ரீ சொல்லிக் கொடுத்தபடி கோவிந்தம்மா போனை உயிர்ப்பித்தாள். ‘கருடன்: சேவை இல்லை’ என்று வந்தது. அவளுக்கு ரத்தம் கொதித்தது. அட்டை, மணி, மூக்குத்தியில் மாவு, எல்லாம் இதற்குத்தானா? வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பார்த்தால், அதற்கு மேல் வரியில் லியோனார்டின் சொந்த எண்ணுக்கு நேராக நாலு கோடும் நிமிர்ந்து நின்றன. ‘திசைடெல் அதிகாரி, உலகம் முழுதும்’ என்று எழுதியிருந்தது. நட்சத்திரம் எதுவும் இல்லை.

வெற்றியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே அவன் முகம் வந்தது. “ம்மா, போனைத் தூக்கிப் புடி. நேரா வா. அதோ தமிழ்ல எழுதிகீது பாரு, அந்தப் பக்கம்…” என்று ஒரு மணி நேரத்துக்கும் மேல் படுத்த படுக்கையிலிருந்து வழி சொன்னான். படம் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. பத்தே காலுக்கு அவள் அவன் கட்டில் பக்கத்தில் நின்று, போனைப் பார்த்தபடியே இன்னும் வழி சொல்லிக்கொண்டிருந்தவன் தலையில் கை வைத்தாள். பதினோரு மணிக்கு அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனான்.

அவள் வெளியே நாற்காலியில் குந்தியிருந்தபோது போன் அடித்தது. ராயபுரம் அனுபவ மையத்தின் எண்.

“அம்மா, நான் மண்டல மகிழ்ச்சித் தலைவர் பேசுறேன். செவ்வாய்க்கிழமை சாயந்தரத்துலேர்ந்து இங்கதான் இருக்கேன். என் நம்பரை வேற போனுக்கு மாத்தணும். ஓடிபி அந்த போனுக்குத்தான் வரும்னு சிஸ்டம் சொல்லுது. இப்ப வந்திருக்கும், அந்த ஆறு நம்பரைக் கொஞ்சம்…”

“டோக்கன் எட்த்தியா நைனா?”

“எடுத்தேன்மா. எண்பத்து மூணு. வெள்ளைச் செவுத்து முன்னாடி ராத்திரி வரைக்கும் நின்னேன். வேர்வை மினுக்குது, மனித முகம் இல்லைங்குது.”

“அது கெடக்குது. எனக்கு வித்தியே கருடன், அது இங்க எடுக்கல. உன் நெட்டுதான் எடுக்குது. அதெப்படி?”

“அது… அதிகாரிகளுக்கான தனித் திட்டம்மா. வாடிக்கையாளர் திட்டத்தையெல்லாம் நாங்க யூஸ் பண்றதில்ல.”

“நான் நம்பரச் சொல்ட்டா இன்னா ஆவும்?”

“என் எண் இங்க வந்துடும்மா.”

“அப்ப இங்க நெட்டு?”

போனில் பின்னால் யாரோ ஒரு வாடிக்கையாளருக்காக மணி அடிப்பது மட்டும் கேட்டது. பிறகு மண்டல மகிழ்ச்சித் தலைவரின் குரலிலிருந்து கம்பெனி மெல்லக் கழன்று, பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த லியோனார்ட் வெளியே வந்தார். “யக்கா, பேஜாரா கீதுக்கா. வூட்டுக்கு ஒரு போன் பண்ண முடியல, ஒருத்தனும் என்ன மதிக்க மாட்டேங்கறான். ஆறு நம்பருதானேக்கா, சொல்லுக்கா.”

கோவிந்தம்மா திரையைப் பார்த்தாள். ஆறு எண்ணும் அங்கே தெளிவாக இருந்தன. ஏலத்தில் எண்ணைக் கேட்டே வாழ்ந்தவளுக்கு அதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த எண் போனால் நாளைக்குத் தங்குமிடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வழி சொல்ல நெட் இருக்காது. உள்ளே பிள்ளையின் காலில் கம்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் இன்னும் பதினோரு நாள் இங்கே இருக்க வேண்டும்.

“உன் கோரிக்கை பதிவாயிடுச்சி நைனா. ஏழு வேலை நாள் ஆவும்” என்று சொல்லி போனை வைத்தாள்.